கேரவனுக்கு இன்வெர்ட்டர்: பேட்டரிப் பக்கத்திலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

கேரவனுக்கோ மோட்டார் ஹோமுக்கோ இன்வெர்ட்டர் வாங்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணில்தான் கண் வைக்கிறார்கள். 2000 வாட் என்று போட்டிருந்தால், அந்த அளவு வரை எதை வேண்டுமானாலும் செருகி ஓட்டலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெட்டியைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அந்த 2000 வாட்டைக் கொடுக்க வேண்டியது பேட்டரி. அதைச் சுமந்து வர வேண்டியது பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடும் கேபிள். வண்டிகளில் இன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும்போது, கோளாறு பெரும்பாலும் இந்த 12 வோல்ட் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இன்வெர்ட்டர் செய்வது ஒரே வேலை: டிசி எனப்படும் பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை, ஏசி எனப்படும் மாறுமின்னோட்டமாக, அதாவது சுவர்ப் பிளக்கில் வரும் மின்சாரமாக மாற்றுகிறது. வோல்ட் ஏறும்போது ஆம்பியர் குறையும். எதிர்த் திசையில் பார்த்தால், வோல்ட் இறங்கும் பக்கத்தில் ஆம்பியர் அதே விகிதத்தில் எகிறும். 1500 வாட் கெட்டில் ஒன்று 230 வோல்ட்டில் இழுப்பது ஆறரை ஆம்பியர்தான். அதே கெட்டிலுக்காக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 140 ஆம்பியர் போக வேண்டியிருக்கிறது. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது போன்ற மின்னோட்டம் இது. ஆனால் ஸ்டார்ட்டர் இரண்டு மூன்று நொடியில் விட்டுவிடும், கெட்டில் தண்ணீர் கொதிக்கும்வரை விடாது. மனக்கணக்குக்கு ஓர் எளிய வழி உண்டு: 12 வோல்ட் அமைப்பில் வாட்டைப் பத்தால் வகுத்தால் பேட்டரியிலிருந்து போகும் ஆம்பியர் வந்துவிடும். 300 வாட்டுக்கு 30, 2000 வாட்டுக்கு 200. இழப்பும், சுமையில் பேட்டரி வோல்ட் இறங்குவதும் இந்தப் பத்துக்குள் அடங்கிவிடுவதால், நடைமுறைக்கு இது போதும்.

உங்கள் தேவையை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவதில், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய சாதனங்களின் வாட். இது இன்வெர்ட்டரின் அளவைத் தீர்மானிக்கும். இரண்டாவதில், ஒவ்வொன்றும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடும் என்பது. இது பேட்டரியின் அளவைத் தீர்மானிக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பலருக்கும் நேரும் பிழை. கெட்டில் பெரிய இன்வெர்ட்டரைக் கேட்கும், ஆனால் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான்; ஆறு நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடும். மடிக்கணினி இதற்கு நேர் எதிர்.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினி 60 வாட், 4 மணி நேரம்: 240 வாட்-மணி. மைக்ரோவேவ் 1200 வாட், 10 நிமிடம்: 200. சிறிய கெட்டில் 1000 வாட், ஆறு ஆறு நிமிடமாக மூன்று முறை: 300. மிக்ஸி 500 வாட், 5 நிமிடம்: 42. தொலைக்காட்சி 40 வாட், 3 மணி நேரம்: 120. கூட்டினால் ஏறக்குறைய 900 வாட்-மணி. இன்வெர்ட்டரின் திறன் 88 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பேட்டரி கொடுக்க வேண்டியது சுமார் 1025.

இந்தப் பட்டியலில் பலரும் எழுத மறந்துவிடும் ஒரு சாதனம் இருக்கிறது: இன்வெர்ட்டரே. எதுவும் செருகாமல் வெறுமனே விழித்திருப்பதற்கே 2000 வாட் வகைப் பெட்டி ஒன்று 10 முதல் 25 வாட் வரை தின்னும். 15 வாட் என்றே வைத்தாலும் 24 மணி நேரத்தில் அது 360 வாட்-மணி. மேலே உள்ள கணக்கில் மைக்ரோவேவையும் கெட்டிலையும் தனித்தனியே மிஞ்சிவிடுகிறது. தேவைக்கு மேல் பெரிய இன்வெர்ட்டர் வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதன்மைக் காரணம் இதுதான். கைப்பேசிக்கும் கேமராவுக்கும் நேரடியாக 12 வோல்ட்டிலிருந்து சார்ஜ் ஏற்றும் யுஎஸ்பி முனைகளை வைத்துவிட்டு, படுக்கைக்கு அருகில் இன்வெர்ட்டரை அணைக்க ஒரு ரிமோட் சுவிட்ச் போட்டுக்கொண்டால், பேட்டரியில் கால் பங்கு மிஞ்சும்.

வாட்டைச் சாதனத்தின் பின்புறத் தகட்டில் பாருங்கள். விளம்பர அட்டையில் பார்க்காதீர்கள். மைக்ரோவேவில் இது மிகவும் முக்கியம். 800 வாட் என்று முகப்பில் எழுதியிருப்பது உணவுக்குள் போகும் ஆற்றலின் அளவு. பிளக்கிலிருந்து அது இழுப்பது 1200 வாட்டை ஒட்டி இருக்கும். 1000 வாட் இன்வெர்ட்டரில் 800 வாட் மைக்ரோவேவ் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு விடை அந்தப் பின்புறத் தகட்டில் இருக்கிறது.

அலை வடிவமும் திடீர் இழுவையும்

இன்வெர்ட்டர்களில் ப்யூர் சைன் வேவ், மாடிஃபைட் சைன் வேவ் என்று இரண்டு வகை உண்டு. முதல் வகை, மின்வாரியம் தரும் மின்சாரத்தைப் போலவே வழவழப்பாக ஏறி இறங்கும் அலையைத் தரும். இரண்டாவது வகை படிக்கட்டுப் போல் ஏறி இறங்கும். பெயரில் சைன் என்று இருந்தாலும் வடிவத்தில் அது கட்டம்தான். அதில் மோட்டார்கள் இரைந்துகொண்டு கூடுதலாகச் சூடாகும், மைக்ரோவேவ் மந்தமாக வேலை செய்யும், சில மலிவான சார்ஜர்கள் எரிந்தே போகும். கெட்டில், சாதாரண பல்பு போன்றவற்றுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. விலை வேறுபாடு ஒருகாலத்தில் பெரிதாக இருந்தபோது இரண்டாவது வகைக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று, வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்போகும் ஒன்றுக்கு, ப்யூர் சைன் வேவ் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் சாதனங்கள் எந்த மின்சாரத்துக்கு உரியவை என்பதையும் பார்த்து வாங்குங்கள்: 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸா, 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸா என்பது பெட்டியில் எழுதியிருக்கும்.

அடுத்தது, தொடர்ந்து தரக்கூடிய வாட்டும் ஒரு கணத்துக்கு மட்டும் தரக்கூடிய வாட்டும். மோட்டார் உள்ள எதுவும் கிளம்பும் கணத்தில் தன் ஓட்ட வாட்டைப் போல் மூன்று மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரை இழுக்கும். நல்ல இன்வெர்ட்டர்கள் இரு மடங்கு வரை சில நொடிகளுக்குத் தாங்கும். சில மலிவான பெட்டிகளில் அந்த எண் கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். முகப்பில் 3000 என்று பெரிதாகவும், தொடர்ச்சி 1500 என்று சிறிதாகவும் எழுதியிருந்தால், உங்கள் கணக்குக்கு 1500தான் எண். கூரையில் பொருத்தும் ஏர் கண்டிஷனரை இன்வெர்ட்டரில் ஓட்ட விரும்புகிறவர்களுக்குச் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு கருவி கிளம்பும் இழுவையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். ஆனால் அதன் பிறகும் அது மணிக்கணக்கில் 1300, 1500 வாட் இழுக்கும் என்பதால், அந்த ஆசை கடைசியில் பேட்டரிக் கணக்கில்தான் முட்டி நிற்கும்.

பேட்டரி தாங்குமா?

வண்டியின் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் இன்வெர்ட்டரை இணைக்கவே கூடாது. அது நொடிக்கணக்கில் பெரும் மின்னோட்டம் தருவதற்கென்று மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது. ஆழமாக வெளியேற்றினால் சில முறைகளிலேயே வீணாகிவிடும், தவிர காலையில் வண்டியும் கிளம்பாது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு இன்வெர்ட்டர்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்தத் துளையின் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர். ஆகவே 120, 150 வாட்டுக்கு மேல் அங்கிருந்து எதிர்பார்க்க முடியாது.

வீட்டுப் பகுதிக்கென்று தனியாக இருக்கும் பேட்டரி ஈய-அமில வகையாக இருந்தால், எழுதியுள்ள ஆம்பியர்-மணியில், அதாவது அதன் கொள்ளளவில், பாதியை மட்டுமே பயன்படுத்துவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணும் 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் கிடைப்பது அதைவிடக் குறைவு. 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரி ஒன்றிலிருந்து 200 ஆம்பியர் இழுக்கப் பார்த்தால், பேட்டரியில் சரக்கு இருந்தும் வோல்ட் சரிந்து, 10.5 வோல்ட்டை ஒட்டி இன்வெர்ட்டர் கூவத் தொடங்கி அணைந்துவிடும். பேட்டரி காலி என்று நினைத்து இறங்கிப் பார்ப்பீர்கள். சுமை நீங்கியதும் மீட்டர் 12.4 காட்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்தச் சரிவு மிகக் குறைவு. 80 விழுக்காடு வரை தயங்காமல் எடுக்கலாம். ஆனால் அதற்குள் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) என்ற காவலாளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் பிஎம்எஸ் பெரும்பாலும் 100 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து விடாது; மீறினால் ஒரேயடியாக மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆகவே 2000 வாட் இன்வெர்ட்டருக்கு அப்படிப்பட்ட பேட்டரிகள் குறைந்தது இரண்டு, இணையாக வேண்டும். மேலே போட்ட ஒரு நாள் கணக்கைப் பாருங்கள்: 1025 வாட்-மணி என்பது லித்தியத்தின் 12.8 வோல்ட்டில் சுமார் 80 ஆம்பியர்-மணி. நாள் முழுவதும் இன்வெர்ட்டர் விழித்திருந்தால் இன்னும் 28. ஒரு லித்தியப் பேட்டரிக்கு இது கொஞ்சம் மிஞ்சிவிடுகிறது. ஈய-அமிலமாக இருந்தால் 200 ஆம்பியர்-மணிக்கு மேல் தேவை. எடுத்ததைத் திரும்ப நிரப்பும் வழியும் வேண்டும், அது சோலார் பலகையோ, எஞ்சின் ஓடும்போது டிசி-டிசி சார்ஜர் வழியாகவோ இருக்கலாம்.

3000 வாட்டுக்கு மேல் போக நினைப்பவர்கள் 12 வோல்ட்டை விட்டு 24 அல்லது 48 வோல்ட்டுக்குப் போவது நல்லது. 12 வோல்ட்டில் 3000 வாட் என்றால் 300 ஆம்பியர். அதற்கான கேபிள் கட்டை விரல் தடிமனில் வளைய மறுக்கும்.

கேபிளும் ஃபியூஸும்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்குதான். 12 வோல்ட்டில் அரை வோல்ட் போனாலே நான்கு விழுக்காடு போயிற்று. 230 வோல்ட்டில் அதே அரை வோல்ட்டை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். 2000 வாட் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். மின்னோட்டம் போக வேண்டும், திரும்பியும் வர வேண்டும். ஆகவே கணக்குக்கு மூன்று மீட்டர். 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால், 200 ஆம்பியரில் 0.4 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே தொலையும். அது 80 வாட்டுக்கும் அதிகமான வெப்பமாக உறைக்குள் தங்கும். 70 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட், 30 வாட். 1000 வாட் இன்வெர்ட்டருக்கு, அதே தொலைவில், 35 சதுர மில்லிமீட்டர் அதே 0.15 வோல்ட்டைத் தரும். தொலைவு இரட்டித்தால் கேபிளின் பருமனும் இரட்டிக்க வேண்டும். இதனால்தான் இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகில் வைத்துவிட்டு, 230 வோல்ட் ஒயரை நீளமாக இழுப்பது எப்போதும் புத்திசாலித்தனமாகிறது.

கேபிள் மெல்லிய இழைகள் பல சேர்ந்து முறுக்கிய முழுச் செம்பாக இருக்க வேண்டும். வெல்டிங் கேபிள் இதற்கு நன்றாகவே பொருந்தும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள்கள் சந்தையில் ஏராளம். அவை பார்வைக்குச் செம்பைப் போலவே இருக்கும், எடையில் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். ஓர் இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியுடன் இலவசமாக வரும் ஒல்லிக் கேபிள்களையும் அப்படியே எடுத்து வைத்துவிடலாம்.

கேபிளின் நுனியில் மாட்டும் செம்பு வளைய முனையான லக்கை அறுகோணக் கிரிம்ப் கருவியால் (லக்கைக் கேபிளோடு சேர்த்து நெரிக்கும் கருவி) அழுத்துங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக், கையில் இழுத்துப் பார்க்கும்போது உறுதியாகத்தான் தோன்றும், ஆனால் உள்ளே இழைகளுக்கு நடுவில் காற்று இருக்கும். கருவி இல்லாவிட்டால் கேபிளை அளந்து கொடுத்து, கிரிம்ப் செய்தே வாங்கிக்கொள்ளுங்கள். லக்கின் கழுத்துக்குப் பசையுள்ள வெப்பச் சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள்.

ஃபியூஸ் காப்பது இன்வெர்ட்டரை அல்ல, கேபிளை. கேபிள் எங்காவது வண்டியின் உடலில் உரசி உறை கிழிந்து ஷார்ட் ஆனால், பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரை அதில் கொட்டும். ஃபியூஸ் இல்லையென்றால் நொடிகளில் தீ. ஆகவே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்துக்குள். அளவு, அதிகபட்ச மின்னோட்டத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு: 2000 வாட்டுக்கு 250 ஆம்பியர், 1000 வாட்டுக்கு 125 அல்லது 150. ஆனால் அது கேபிள் தாங்கும் அளவை மீறக்கூடாது. மீறினால் ஃபியூஸைப் பெரிதாக்காமல் கேபிளைப் பருமனாக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்குக் கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் போடுவது முறை. ஷார்ட் ஆகும்போது லித்தியம் தரும் மின்னோட்டம் மிகப் பெரிது. சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் அதன் இடைவெளியில் தீப்பொறி வில் போல் பாய்ந்து மின்சாரம் தொடரலாம். கிளாஸ் டி 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும்படி மதிப்பிடப்பட்டது. அதன் பக்கத்திலேயே கையால் திருப்பித் துண்டிக்கும் பேட்டரி சுவிட்ச் ஒன்றும் இருக்கட்டும்.

எங்கே வைப்பது?

பேட்டரிக்கு அருகில், ஆனால் நீர் ஊற்றும் ஈய-அமிலப் பேட்டரி இருக்கும் அதே அறைக்குள் அல்ல. அந்தப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒவ்வொரு முறை மாறும்போதும் பொறி விடும். சமையல் எரிவாயு உருளை இருக்கும் அறையும் அதே காரணத்தால் கூடாது. நனையாத இடமாகவும், விசிறியின் முன்னும் பின்னும் கையகல வெற்றிடம் உள்ள இடமாகவும் இருக்க வேண்டும். படுக்கைக்குக் கீழே வைப்பவர்கள் அங்கே போர்வையைத் திணிக்காதபடி ஒரு தடுப்புப் பலகை அடித்துவிடுங்கள். முழுச் சுமையில் 2000 வாட் இன்வெர்ட்டர் 200 வாட்டுக்கு மேல் வெப்பம் வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அது தானாகவே அணைந்துவிடும். மெல்லிய பிளைவுட்டில் மரத் திருகு மட்டும் போட்டு மாட்டினால் மேடு பள்ளத்தில் கழன்றுவிடும். பின்னால் பட்டை வைத்து, போல்ட்டும் லாக் நட்டும் போட்டு இறுக்குங்கள்.

இணைக்கும் வரிசை

முதலில், நிறுத்துமிடத்தில் வெளியிலிருந்து வண்டிக்கு மின்சாரம் தரும் வெளி மின் இணைப்பைப் பிடுங்குங்கள், சோலாரைத் துண்டியுங்கள், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கையில் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எதுவும் வேண்டாம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் மோதிரம் ஸ்பானருக்கும் பாசிட்டிவுக்கும் நடுவே மாட்டினால் பழுக்கக் காய்ந்துவிடும். ஸ்பானரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது என் பழக்கம்.

இன்வெர்ட்டரின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். பெட்டியின் உடலில் உள்ள எர்த் திருகிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸுக்குக் கையேடு சொல்லும் பருமனில் ஒயர் போடுங்கள்; சேசிஸில் பெயின்டைச் சுரண்டி வெற்று இரும்பில் போல்ட் போட்டால்தான் அது எர்த். பிறகு நெகட்டிவ் கேபிள். பேட்டரி மானிட்டர் வைத்திருந்தால், அது மின்னோட்டத்தை அளக்கப் பயன்படுத்தும் ஷன்ட் என்ற உலோகப் பட்டையின் சுமைப் பக்கத்தில் இணைக்க வேண்டும். நேராகப் பேட்டரி முனையில் போட்டால் மானிட்டருக்கு இன்வெர்ட்டர் இருப்பதே தெரியாது. அதன் பிறகு பாசிட்டிவ் கேபிள், ஃபியூஸ் ஹோல்டர் வரை. ஃபியூஸைப் போடாமலே ஹோல்டரின் மறுபக்கத்தைப் பேட்டரிக்குக் கொண்டுசென்று, கழற்றிய நெகட்டிவையும் மாட்டிவிடுங்கள். இப்போது இன்வெர்ட்டருக்கு மின்சாரம் போகாமல் தடுப்பது அந்த ஃபியூஸ் இடைவெளி மட்டுமே.

நேரே ஃபியூஸைச் செருகினால் பெரிய பொறி ஒன்று பறக்கும். இன்வெர்ட்டருக்குள் மின்னூட்டத்தைச் சேமிக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஒரே மடக்கில் நிரம்பப் பார்ப்பதே காரணம். லித்தியம் பேட்டரியாக இருந்தால் பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று எண்ணித் துண்டித்தும் விடலாம். 30 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அந்த இடைவெளியின் இரு பக்கமும் தொடும்படி ஐந்து நொடி பிடித்துவிட்டு, உடனே ஃபியூஸைப் போட்டால் பொறி வராது. எனக்குப் பிடித்தது வேறொரு வழி: வண்டியின் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயருடன் அந்த இடைவெளியில் வைப்பது. தொட்ட கணம் பளிச்சென்று எரிந்து, ஒரு நொடிக்குள் மங்கி, அணைந்துபோகும். கெப்பாசிட்டர் நிரம்புவதைக் கண்ணால் பார்ப்பது போன்றது அது. பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஃபியூஸைப் போடாதீர்கள்: இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறது, அல்லது பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறியிருக்கின்றன. மாறியிருந்து ஃபியூஸையும் போட்டிருந்தால், அந்தப் பெட்டி அத்துடன் முடிந்திருக்கும்.

இனி என் சொந்த அனுபவம். முதன்முதலில் பொருத்தியபோது, அதிர்வுக்குத் தாங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், இன்வெர்ட்டரின் முனைக்கும் லக்குக்கும் நடுவில் ஸ்பிரிங் வாஷர் ஒன்றைப் போட்டிருந்தேன். எல்லாம் ஓடியது. இரண்டாவது வாரம் கெட்டில் போட்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை லக்கிலும் மறு முனையைப் போல்ட்டின் தலையிலும் வைத்தேன். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே 0.4 வோல்ட் காட்டியது. 140 ஆம்பியரில் அது 56 வாட். ஒரு சாலிடரிங் அயர்னின் வெப்பம், நாணயம் அளவு இடத்தில். வாஷர் நீல நிறமாகியிருந்தது, முனையைச் சுற்றிய கறுப்புப் பிளாஸ்டிக் உருகிச் சரிந்திருந்தது. லக்கின் தட்டையான செம்பு முகம், முனையின் தட்டையான முகத்தில் நேராக அமர வேண்டும். வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட் ஆகிய மூன்றும் அந்த வரிசையில் லக்குக்கு மேலேதான் வர வேண்டும். நடுவில் எதுவும் வரக்கூடாது.

ஏசி பக்கம்

ஒரே ஒரு விதி முதலில்: இரண்டு ஏசி மூலங்கள் எந்த நிலையிலும் ஒன்றோடொன்று சேரக்கூடாது. வெளி மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரே ஒயரில் சந்தித்தால் இன்வெர்ட்டர் அந்தக் கணமே எரியும். ஆகவே வண்டியின் பிளக்குகள் எல்லாவற்றுக்கும் இன்வெர்ட்டர் மின்சாரம் வேண்டுமானால், நடுவில், ஒரு நேரத்தில் ஒரு மூலத்தை மட்டும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் வேண்டும். அது உள்ளேயே அமைந்த இன்வெர்ட்டர்களும் உண்டு. சார்ஜரும் சேர்ந்தே வரும் இன்வெர்ட்டர்-சார்ஜர் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சிக்கனமான தேர்வு. இருபுறமும் ஆண் பிளக் வைத்த ஒயரைச் செய்து, இன்வெர்ட்டரிலிருந்து வண்டியின் வெளி இணைப்புத் துளைக்குள் செருகும் குறுக்கு வழியைப் பலர் சொல்லித் தருவார்கள். ஒரு முனையைப் பிடுங்கினால் கையில் இருப்பது உயிருள்ள மின் முள். இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேர்கின்றன என்பது இதைவிட நுட்பமானது. ஆர்சிசிபி எனப்படும் கசிவுப் பிரேக்கர் உங்கள் உயிரைக் காக்க வேண்டுமானால், மின்சாரம் பிறக்கும் இடத்தில் நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஓடும்போது பிறப்பிடம் இன்வெர்ட்டர்; வெளி மின்சாரத்தில் இருக்கும்போது பிறப்பிடம் வெளியே எங்கோ. ஆகவே முதல் நிலையில் வண்டிக்குள் அந்த இணைப்பு இருக்க வேண்டும், இரண்டாவது நிலையில் இருக்கக்கூடாது. இரண்டு இடத்தில் சேர்ந்தால் நியூட்ரலின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் ஒயரிலும் சேசிஸிலும் ஓடத் தொடங்கும். வெளி இணைப்பைத் தரும் பெட்டியின் பிரேக்கர் ஓயாமல் விழும். டிரான்ஸ்ஃபர் வசதியுள்ள நல்ல இன்வெர்ட்டர்கள் ஒரு ரிலே மூலம் இதைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. சிறிய பெட்டிகள் பலவற்றில் இந்த இணைப்பே இருக்காது; அவற்றில் ஆர்சிசிபி பொருத்தினாலும் அது விழாது. சில பெட்டிகளில் வெளியிலிருந்து நியூட்ரலை எர்த்தோடு சேர்த்தாலே பெட்டி எரிந்துவிடும். கையேட்டில் இந்த ஒரு பத்தியைப் படிக்காமல் ஏசி பக்கத்தில் கை வைக்காதீர்கள். சொல்வது புரியவில்லை என்றால் இந்தப் பகுதியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நாட்டின் விதியே அப்படிச் சொல்லும் இடங்களும் உண்டு.

ஒயர் பல இழையுள்ள வகையாக இருக்கட்டும். ஒற்றைக் கம்பி அதிர்வில் முனையில் முறியும். இன்வெர்ட்டரிலிருந்து வரும் லைனில் பிரேக்கரும் ஆர்சிசிபியும் வரிசையாக வேண்டும்.

வண்டியின் பிளக்குகள் அனைத்தையும் இன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டவர்கள் அடுத்து மாட்டிக்கொள்வது ஒரு வட்டத்தில். பேட்டரி இன்வெர்ட்டருக்குக் கொடுக்கிறது, இன்வெர்ட்டர் வண்டியின் சார்ஜருக்குக் கொடுக்கிறது, சார்ஜர் பேட்டரிக்கே திருப்பிக் கொடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு வெப்பமாகத் தொலைகிறது. சார்ஜர், தண்ணீர் சூடாக்கி, எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் குளிர்சாதனப் பெட்டியின் மின் பகுதி ஆகிய மூன்றையும் இன்வெர்ட்டரின் லைனிலிருந்து பிரித்து, வெளி மின்சாரத்தில் மட்டும் ஓடும்படி வையுங்கள்.

சோதனை

முதலில் சுமையில்லாமல் ஓடவிட்டு, வெளியீட்டு வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது உள்ளே உள்ள மின்தடை வழியே ஓடும் சோதனை என்பதால் எர்த் சரியாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. பிளக்கில் செருகும் சோதனைக் கருவியாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு சிறிய சுமை, அடுத்து இருப்பதிலேயே பெரிய சுமை. பெரிய சுமை ஓடும்போதே பேட்டரி முனைகளில் ஒருமுறையும் இன்வெர்ட்டர் முனைகளில் ஒருமுறையும் டிசி வோல்ட்டை அளவிடுங்கள். வேறுபாடு 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால், மீட்டரின் முனைகளை ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வைத்துக்கொண்டே போங்கள்: லக், ஃபியூஸ், சுவிட்ச், ஷன்ட். திருடன் எங்கோ ஒரு முனையில்தான் ஒளிந்திருப்பான். பத்து நிமிடம் ஓடிய பிறகு சுமையை நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பின் மேலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், அல்லது அகச்சிவப்பு வெப்பமானியால் அளவிடுங்கள். எல்லாம் இளஞ்சூடாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால், அதைக் கழற்றித் துடைத்து மறுபடி இறுக்க வேண்டும்.

குறைந்த வோல்ட்டில் அணையும் அளவை மாற்றக்கூடிய பெட்டியாக இருந்தால், ஆலையில் வைத்த 10.5 வோல்ட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். சிறிய சுமையில் ஈய-அமிலப் பேட்டரி 10.5 வரை இறங்குவது என்றால் அது முழுக்க வற்றிவிட்டது என்றே பொருள். லித்தியத்துக்கு 11.5 முதல் 12 வரை வைத்தால், பிஎம்எஸ் துண்டிக்கும் முன்பே இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, டிசி பக்கத்தின் எல்லா நட்டுகளையும் கையேட்டில் சொன்ன டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். இறுக்கியதும் நட்டின் விளிம்பிலிருந்து போல்ட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது, கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும் நட்டுக்கு மட்டும் ஸ்பானரை எடுத்தால் போதும்.